ஆள் படுக்காத கட்டில்

எங்கள் அறையில் இரண்டு கட்டில்கள். உள் சுவரை ஒட்டிய அகலக் கட்டிலில் நாங்கள் படுப்போம். வாசலைப் பார்த்தாற்போல் கிடக்கும் மற்றதில் யாரும் படுத்ததில்லை. காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன் அந்தக் கட்டிலின் விரிப்பைக் கையால் கசக்கிச் சுருக்குவேன். தலையணையில் முழங்கையை ஊன்றி ஒரு குழி உண்டாக்குவேன். போர்வையைக் கால்மாட்டில் பாதி தரையில் தொங்கும்படி விடுவேன். அதற்குப் பிறகுதான் கதவைத் திறப்பேன். யார் எட்டிப் பார்த்தாலும் இரண்டு பேர் தனித்தனியே தூங்கி எழுந்த அறையாகத் தெரிய வேண்டும்.

பெரம்பலூரில் கடைத்தெருவிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு வீட்டின் மாடி அது. கீழே வீட்டுக்காரர்கள். மொட்டை மாடிக்குப் போகும் படி எங்கள் வாசலை உரசிக்கொண்டு போகிறது. துணி உலர்த்த, மிளகாய் காயவைக்க, தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க என்று கீழே இருப்பவர்கள் எந்த நேரமும் ஏறி வருவார்கள். இப்படி ஒரு வீட்டை ஏன் பிடித்தோம் என்று அவளிடம் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். வேறு யாரும் குடும்பம் இல்லாத இரண்டு பெண்களுக்கு வீடு கொடுக்கவில்லை என்பதை அவள் பொறுமையாக ஒவ்வொரு முறையும் ஞாபகப்படுத்துவாள்.

நான் பூலாம்பாடிக்காரி. அவள் வரதராஜன்பேட்டை. திருப்பூரில் ஒரே பனியன் கம்பெனியில் வேலை பார்த்தபோது பழக்கம். இருவரும் இளமையாக இருந்த காலம் அது. எங்களுக்குள் இருப்பதற்கு நாங்கள் ஒரு பெயர் வைத்துக்கொண்டதில்லை. ஊர்ப்பக்கம் திரும்பி வந்தபோது, கம்பெனித் தோழிகள், வாடகை மிச்சம் என்று சேர்ந்து இருக்கிறோம் என்று எல்லோரிடமும் சொன்னோம். மற்றவர்கள் முன்னால் அவளை நான் அக்கா என்பேன். எங்கள் தெருவில் நாங்கள் சேர்ந்து நடப்பதில்லை. அவள் முன்னால் போய்விடுவாள், நான் சற்றுப் பிந்திக் கிளம்புவேன்.

சந்தேகம் எனக்கு மூச்சு விடுவது மாதிரி. சிலிண்டர் கொண்டுவருபவர் கட்டிலைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. கடைத்தெருவில் ஒரு தையல் கடையின் ஓரத்தில்தான் என் மெஷின். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வரும் பெண்கள் பேச்சுவாக்கில், "உங்ககூட இருக்காங்களே, அவங்க உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்பார்கள். நான் அவசரமாகக் குண்டூசிகளை வாயில் கவ்விக்கொள்வேன். குண்டூசி கவ்விய வாயிடம் யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை.

அவள் அப்படி இல்லை. அரியலூரில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் ஹாஸ்டல் ஒன்றில் சமையல் வேலை பார்க்கிறாள். காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் திரும்புவாள். வழியில் பத்துப் பேரிடம் பேசாமல் வரமாட்டாள். ஒரு நாள் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், "புள்ள, நான் வேசம் கட்டப் போறேன்" என்றாள்.

"என்னா வேசம்?"

"ஆம்பளை வேசம் போட்ட பொம்பளை வேசம். ஹாஸ்டல்ல டீச்சர் பொண்ணு ஒண்ணு இருக்குல்ல, அது நாடகம் போடுது. முழுக்கப் பொம்பளைங்கதான்."

"உனக்கு முட்டி வலி."

"நான் கட்டற படைத்தலைவிக்கும் முட்டி வலின்னு வச்சிக்கலாம்னு சொல்லிட்டுது."

கல்லூரியில் பாடம் நடத்தும் சின்னப் பெண் அது. ஹாஸ்டலில்தான் தங்கியிருந்தது. அது எடுத்திருந்தது ஒரு பழைய நாடகக் கதை. எங்கள் பக்கத்துத் திருவிழாக்களில் ஆண்கள் போட்டு நான் பார்த்திருக்கிறேன். ஒரு ராசாவை எதிரி சிறைபிடித்துவிடுவான். ராசாவின் மனைவி ஆண் வேடம் போட்டுக்கொண்டு புருசனை மீட்கப் போவாள். எதிரியின் மகள் அவளை ஆண் என்று நினைத்து ஆசைப்பட்டு, சிறைச் சாவியைக் கொடுத்துவிடுவாள். கடைசியில் வேடம் கலையும்போது கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். ஒரு பெண்ணைப் போய் ஆசைப்பட்டாளே என்ற சிரிப்பு. ராசா பெருந்தன்மையோடு இருவரையும் மனைவியாக்கிக்கொள்வார். மங்களம் பாடி முடிப்பார்கள். அந்தச் சிரிப்பு வரும் இடத்தில் நான் எப்போதும் குனிந்து புடவைத் தலைப்பில் நூல் பிரிந்திருக்கிறதா என்று பார்ப்பேன்.

டீச்சர் பெண் அதைத் தலைகீழாகப் புரட்டியிருந்தது. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக் கல் வெட்டும் குழிகளில் கல்லாகிப்போன சங்கும் கிளிஞ்சலும் கிடைக்கும். முன்னொரு காலத்தில் இங்கே கடல் இருந்தது என்பார்கள். நாடகம் அந்தக் காலத்தில் நடக்கிறது. எதிரியின் மகள் கடலையே ஆள்கிறவள். மீன் செதிள் முளைத்த பெரிய பறவைகள் அவள் படை. ஆண் வேடத்தில் வந்தவளை முதல் பார்வையிலேயே பெண் என்று தெரிந்துகொண்டுதான் அவள் ஆசைப்படுகிறாள். படைத்தலைவிக்கு மீட்க வேண்டிய புருசன் யாரும் கிடையாது, பிடிபட்ட தன் வீரர்களுக்காக வந்தவள். இருவரும் ஒரே அரண்மனையில் வாழ்கிறார்கள். ஊரிடம் அவர்கள் சொல்லும் ஒவ்வொரு பொய்க்கும் கடல் ஒரு சாண் பின்வாங்கும். இப்படிப் போய்ப் போய்த்தான் அரியலூரில் கடல் இல்லாமல் ஆனது என்பது அந்தப் பெண்ணின் கற்பனை.

அவள் எனக்கு இந்தக் கதையைச் சொன்னது சோறு வடித்துக்கொண்டே. இத்தனை பெண்கள் இருக்கும் ஹாஸ்டலில் அந்தப் பெண் இவளை ஏன் இந்த வேடத்துக்குப் பிடித்தது என்று கேட்டேன். குரல் கட்டையாக இருப்பதாலாம். வரதராஜன்பேட்டையில் சின்ன வயதிலிருந்து கோவில் நாடகங்கள் பார்த்து வளர்ந்தவள், ராசா நடை நடந்து காட்டினாளாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

உடைகளை நான்தான் தைத்தேன். வேறு யாரிடமும் கொடுக்க எனக்கு மனம் இல்லை, மறுக்கவும் வாய் வரவில்லை. கடலுக்கு நீலத் துணி வேண்டும் என்றார்கள். தையல் கடையில் மிஞ்சிய நீல லைனிங் துண்டுகளையெல்லாம் சேர்த்து, ஆகாய நீலம், மயில் நீலம், இங்க் நீலம் என்று ஒட்டுப்போட்டு, மேடை அகலத்துக்கு, சுருட்டி வைக்கிற அளவு நீளமாக, ஒரு கடல் தைத்தேன்.

கடல் ராணிக்குப் பட்டு இல்லாமல் முழித்துக்கொண்டிருந்தபோதுதான் கீழ்வீட்டுப் பாயம்மா வந்தார்கள். லப்பைக்குடிக்காட்டிலிருந்து கல்யாணமாகி வந்தவர்கள். பாய் பல வருசம் துபாயில் இருந்துவிட்டு வந்து பஜாரில் கடை வைத்திருக்கிறார். விடியற்காலைத் தொழுகைக்குப் போய் அப்படியே கடையைத் திறந்துவிடுவார் என்று பாயம்மா சொல்வார்கள். அதனால் காலையில் அவரை நான் பார்த்ததே இல்லை. மகன் வெளிநாட்டில். வீட்டில் பாயம்மாவும் மருமகளும்தான் எப்போதும்.

பாயம்மா குரல் கொடுத்துவிட்டு வரும் வழக்கம் கிடையாது. படியில் காலடிச் சத்தம்கூடக் கேட்காது. திரும்பினால் நிலைப்படியில் நிற்பார்கள். அன்றைக்கும் அப்படித்தான். கையில் ஒரு மெரூன் பட்டுப்புடவை, உடலெல்லாம் சரிகைப் பூ.

"என் நிக்காஹ் புடவைம்மா. பொட்டிக்குள்ள மடிப்பு விட்டு இத்துப் போறதுக்கு, மேடையிலயாவது ஏறட்டும்."

நான் வேண்டாம் என்றேன். கத்திரி போட வேண்டியிருக்கும் என்றேன். போடு என்றார்கள். புடவையை நீட்டும்போது அவர்கள் கண் என் தோளைத் தாண்டி உள்ளே போனது. நான் சற்று நகர்ந்து நின்று அகலக் கட்டிலை மறைத்தேன்.

"நாடகம் அன்னிக்கு மருமவளையும் கூட்டிட்டு வரேன். என் புடவை ராணியா நிக்கிறத நான் பாக்க வேணாமா?"

அளவு சரிபார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை அரியலூர் போனேன். ஹாஸ்டலின் சாப்பாட்டு அறையில் மேசைகளை ஒதுக்கிவிட்டு ஒத்திகை நடந்தது. நான் ஒரு மூலையில் உட்கார்ந்து படைத்தலைவியின் அங்கிக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். கடல் ராணியாக நடித்தது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பெண். அது ஓரமாகப் போட்டிருந்த ஒரு கட்டிலைக் காட்டி, படைத்தலைவியாக நின்ற அவளிடம் சொன்னது:

"விடிந்துவிட்டது. பணிப்பெண்கள் வருவதற்குள் அந்தக் கட்டிலைக் கலைத்து வை. தலையணையில் முழங்கையை ஊன்று. ஆள் படுத்த குழி வேண்டும்."

அவள் போய் ஊன்றினாள். நான் எப்படி ஊன்றுவேனோ அப்படி, வலது கையை மடித்து, உடம்பின் பாரத்தைச் சாய்த்து. போர்வையைப் பாதி தரையில் விட்டாள். ஓரத்தில் இருந்த இரண்டு பெண்கள் நான் தைத்த கடலைச் சரசரவென்று ஒரு சாண் பின்னால் இழுத்தார்கள்.

ஊசி என் விரலில் ஏறியது. நான் தலையை நிமிர்த்தவில்லை. அந்தச் சாப்பாட்டு அறையில் இருந்த எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள் என்று தோன்றியது. டீச்சர் பெண் அருகில் வந்து, "எப்படிங்க்கா இருக்கு?" என்று கேட்டது. நான் வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டேன்.

பஸ்ஸில் திரும்பும்போது அவள் ஏதேதோ பேசிக்கொண்டு வந்தாள். என் தலைக்குள் ஒரே கேள்விதான். கதவு திறக்கும் முன் நான் செய்கிற காரியம் அது. அதைப் பார்த்தது யார்?

முதல் சந்தேகம் டீச்சர் பெண் மேல். துணி கொடுக்க ஓரிருமுறை எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. சன்னல் வழியாகப் பார்த்திருக்கலாம். விஷயம் தெரிந்திருந்தால் கண் தானாகக் கட்டிலுக்குப் போகும். அதைச் சோதிக்க, ஆள் படுக்காத கட்டிலில் வழக்கமான வெள்ளை விரிப்பை எடுத்துவிட்டுக் கண்ணைக் குத்தும் ஒரு சிவப்புக் கட்டம் போட்ட விரிப்பைப் போட்டு, அந்தப் பெண்ணை ஒரு வேலை சொல்லி வீட்டுக்கு வரவழைத்தேன். வந்தது. டீ குடித்தது. நடுவில் ஒருமுறைகூடக் கட்டில் பக்கம் திரும்பவில்லை. வேண்டுமென்றே திரும்பாமல் இருக்கிறதோ என்றும் நினைத்தேன்.

அடுத்த சந்தேகம் பாயம்மா மேல். காலடிச் சத்தமில்லாத பாயம்மா. கதவிடுக்கில் பார்த்து, மருமகளிடம் சொல்லி, மருமகள் யாரிடமோ சொல்லி, அது அரியலூர் வரை போயிருக்க வேண்டும். புடவை கொடுத்ததுகூட நாடகம் பார்க்க வருவதற்கு ஒரு சாக்காக இருக்கலாம். மேடையில் எங்களை வைத்துப் பார்த்துச் சிரித்துவிட்டு, மறுநாள் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். அதற்கப்புறம் எங்கே போவோம்? இந்த ஊரில் வீடு கிடைக்காது. வீடு இல்லையென்றால் நான் பூலாம்பாடிக்கு அண்ணன் வீட்டுக்கும், அவள் வரதராஜன்பேட்டைக்குத் தங்கை வீட்டுக்கும் போக வேண்டியதுதான். ஆளுக்கொரு பஸ்.

கடைக்குக் கிளம்பும்போது பூட்டின் மேல் ஓர் இழை நூலைச் சுற்றிவிட்டுப் போக ஆரம்பித்தேன். வீட்டுக்காரர்களிடம் மாற்றுச் சாவி இருந்தது. கருப்புக் கதவுக்குக் கருப்பு நூல். வேறு யார் கண்ணுக்கும் தெரியாது. சில நாள் நூல் நான் விட்டுப்போன மாதிரியே இருந்தது. ஒரு மாலை வந்து பார்த்தால் அறுந்து தொங்கியது. பூட்டு மட்டும் ஒழுங்காகப் பூட்டியிருந்தது.

கீழே இறங்கிப் போய்க் கேட்டுவிடுவது என்று பாதிப் படி இறங்கினேன். என்னால் முடியவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போது அவள் கையில் கறிவேப்பிலையும் தக்காளியுமாக வந்தாள்.

"சீக்கிரமே வந்துட்டேன். வூட்ல காய் ஒண்ணுமில்லன்னு கடைக்குப் போனேன். ஆமா, பூட்டுல என்னாத்துக்கு நூலு சுத்தியிருக்க?"

உள்ளே வந்து கதவைச் சாத்தியபின் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டில் காட்சி, சிவப்பு விரிப்பு, பாயம்மா, நூல். அவள் தக்காளியை ஒவ்வொன்றாகக் கூடையில் வைத்துக்கொண்டே கேட்டாள். பிறகு சொன்னாள்.

"யாரும் எட்டிப் பாக்கல புள்ள. நாந்தான் சொன்னேன்."

நாடகத்தை ஆரம்பித்த அன்று டீச்சர் பெண் எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்ததாம். வீட்டில் ஒன்றை மறைப்பதற்காக நீங்கள் செய்கிற ஒரு சின்னக் காரியத்தை ஆளுக்கொன்றாகச் சொல்லுங்கள் என்று கேட்டதாம். அதுதான் அவர்கள் நாடகம் கட்டும் முறை. என்ன காரியம் என்று சொல்ல வேண்டும், எதற்காக என்று சொல்ல வேண்டாம். கேட்கவும் கூடாது. ஒருத்தி புதுப் புடவை வாங்கினால் முதலில் அரிசி டிரம்மில் போட்டுவைத்து, தவிட்டு வாசம் ஏறிய பிறகு பழைய புடவை என்று சொல்லிக் கட்டுவாளாம். இன்னொருத்தி மணியடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு தெருமுனை வரை பேசிக்கொண்டு போவாளாம். இவள் முறை வந்தபோது கட்டிலைச் சொல்லியிருக்கிறாள்.

"ஏன் சொன்ன?"

அவள் கறிவேப்பிலையை உருவிக்கொண்டே சொன்னாள்.

"இத்தினி வருசமா தெனம் காலைல நீ செய்யிற வேலை. நான் படுத்துக்கிட்டே பாத்துக்கிட்டு இருப்பேன். ஒரு நாள்கூட அத நீ அசட்டையா செஞ்சதில்ல. யாராச்சும் அத ஒரு தடவ பாக்கட்டும்னு தோணுச்சி."

எனக்குக் கோபம்தான் வந்தது. பாயம்மா வருகிறார்கள், அந்தக் காட்சியை எடுத்துவிடச் சொல் என்றேன். எடுத்தால் கடல் எதற்கு உள்ளே போகும் என்று கேட்டாள்.

அடுத்த ஒத்திகையில் டீச்சர் பெண்ணிடம் நானே சொல்லிப் பார்த்தேன். அந்தக் கட்டில் காட்சி கொஞ்சம் நீளமாக இருக்கிறது என்று மட்டும்தான் எனக்குச் சொல்ல வந்தது. "அதுதாங்க்கா நாடகமே" என்று அந்தப் பெண் சிரித்தது. பிறகு பாயம்மாவைத் தடுக்கப் பார்த்தேன். வெயில் கொளுத்தும் என்றேன், பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது என்றேன், மைக் சத்தம் தலைவலி கொடுக்கும் என்றேன். பாயம்மா தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தார்கள்.

"என்னாம்மா, நான் வரக்கூடாதுங்கிற மாரி பேசுற?"

அதற்குமேல் எதுவும் சொன்னால் நானே காட்டிக்கொடுப்பதாக ஆகிவிடும்.

அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் மத்தியான நேரத்தில் நாடகம் நடந்தது. பெரும்பாலும் பெண்கள் கூட்டம். நான் மேடைக்குப் பின்னாலிருந்து உடை மாற்றிவிட்டுக்கொண்டே இருந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். ஆனால் பாயம்மா எனக்கு நடுவரிசையில் நாற்காலி பிடித்து, கைப்பையை அதில் வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் மருமகள், நடுவில் அவர்கள், இந்தப் பக்கம் நான்.

கடல் ராணி மெரூன் பட்டில் வந்து நின்றதும் பாயம்மா என் தொடையில் தட்டினார்கள். "மாஷா அல்லாஹ். எம்புட்டு எடுப்பா இருக்கு பாரு" என்று மருமகளிடம் சொன்னார்கள். படைத்தலைவியாக அவள் அங்கியும் வாளுமாக வந்தாள். முட்டி வலி தெரியாதபடி மெதுவாக நடந்ததே ஒரு மிடுக்காக இருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட இடத்தில் நான் சிரிப்புக்காகக் காத்திருந்தேன். பின்வரிசையில் இரண்டொருவர் சிரிக்கத்தான் செய்தார்கள். மற்றவர்கள் சிரிக்கவில்லை. பறவைகள் பறந்தன, போர் நடந்தது. நான் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. பாயம்மாவின் முகத்தையே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கட்டிலைக் கொண்டுவந்து வைத்தார்கள். விடிந்துவிட்டது என்றாள் கடல் ராணி. படைத்தலைவி போய்த் தலையணையில் முழங்கையை ஊன்றினாள். கடல் ஒரு சாண் பின்வாங்கியது.

பாயம்மாவின் முகம் வெளுத்துப்போனது. தாடை இறுகியது. மருமகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள். மருமகள் மேடையைப் பார்த்தபடி ஐஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பாயம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார்கள். "வெளிய வா" என்றார்கள், உதடு அசையாமல்.

மண்டபத்தின் பக்கவாட்டில் கை கழுவும் இடம். அங்கே யாரும் இல்லை. கதவு அவர்களுக்குப் பின்னால் தானாக மூடிக்கொண்டது. வீடு போய்விட்டது என்று தெரிந்துவிட்டது. எந்தப் பெட்டியில் எதை வைப்பது என்றுகூட மனம் கணக்குப் போட ஆரம்பித்தது.

"உன்ன நான் எப்படி நெனைச்சிருந்தேன்" என்றார்கள் பாயம்மா. "என் வூட்ல குடியிருந்துக்கிட்டு என் ரூமையே எட்டிப் பாத்திருக்க."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"நான் தெனம் அவரு தலையணையக் கையால அமுக்கி வைக்கிறது உனக்கு எப்படிம்மா தெரியும்? சுபுஹு தொழுவப் போயிட்டாருன்னு மருமவகிட்ட சொல்றேனே, அது பொய்யின்னு உனக்கு யாரு சொன்னா? துபாய்லேருந்து வந்ததுலேருந்து அவரு என் ரூம்ல படுக்கல. ராத்திரி சாப்பிட்டுட்டு, மருமவ படுத்தப்புறம் கடை மாடிக்குப் படுக்கப் போயிடறாரு. காலைல ரூம் கூட்ட வர்ற மருமவளுக்குத் தெரியக்கூடாதுன்னு நான் செய்யிறத, நீ ஊரக் கூட்டி மேடையில ஏத்திட்டியா?"

சிலிண்டர்காரர் பார்த்த பார்வை வரைக்கும் கணக்கு வைத்திருந்தவள் நான். காலையில் பாயை ஒருநாளும் பார்த்ததில்லை என்பது மட்டும் எனக்கு உறைக்கவே இல்லை. எங்கள் அறைக்கு நேர் கீழே, நான் முழங்கையை ஊன்றும் அதே நேரத்தில், இன்னொரு கை இன்னொரு தலையணையை அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறது.

"நாளைக்கே காலி பண்ணிருங்க" என்றார்கள். புர்காவின் ஓரத்தால் கண்ணைத் துடைத்தார்கள். அழுதது மருமகளுக்குத் தெரியக்கூடாது என்று குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டார்கள்.

"எனக்குத் தெரியாதுங்க, அந்த டீச்சர் பொண்ணு தானா எழுதினது" என்று சொல்லியிருக்கலாம். அது வாய் வரை வந்தது. சொன்னால் பாயம்மா என்னை விட்டுவிட்டு அந்தப் பெண்ணைச் சந்தேகப்படுவார்கள், பிறகு மருமகளை. ராத்திரியும் பகலும் யார் பார்த்தது, யார் பார்த்தது என்று கிடப்பார்கள். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதற்குள்ளேதான் நான் குடியிருந்தேன். கவ்விக்கொள்ள அன்றைக்கு என்னிடம் குண்டூசி இல்லை.

"அது உங்க கட்டில் இல்லீங்க" என்றேன். "எங்களுது."

பாயம்மா குழாயை மூடிவிட்டுத் திரும்பினார்கள்.

"வாசலுக்கு நேரா கெடக்குற கட்டில்ல யாரும் படுக்கறதில்லீங்க. நாந்தான் காலைல கலைச்சி வைக்கிறேன். முழங்கைய வச்சி. அத அக்கா அங்க சொல்லிட்டாங்க. உங்க ரூமை நான் பாத்ததே இல்லீங்க."

நான் அவர்களிடம் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுதான். அக்கா என்று சொன்ன வார்த்தை மட்டும் இடறியது. பாயம்மா என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். முகத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. என்ன புரிந்தது, எவ்வளவு புரிந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

"வந்ததுலேருந்தா?" என்றார்கள்.

"ஆமாங்க."

உள்ளே அவள் குரல் மைக்கில் கேட்டது. சபை நடுவில் நின்று அந்தக் கட்டிலில் யாரும் படுக்கவில்லை என்று படைத்தலைவி உரக்கச் சொல்லும் இடம். அதைத் தொடர்ந்து ஓ என்று ஒரு சத்தம், கைத்தட்டல், குழந்தைகளின் கூச்சல். உண்மையைச் சொன்னதும் பின்வாங்கிய கடல் திரும்பி வரும். அதை ஆட்களின் தலைக்கு மேல் வீசி மண்டபத்தின் கடைசி வரிசை வரை விரிப்பதாக ஏற்பாடு. நான் தைத்த கடல் திரும்பி வந்ததை நான் பார்க்கவில்லை.

பாயம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

பஸ்ஸில் பாயம்மாவும் மருமகளும் முன்னால் உட்கார்ந்தார்கள். நாங்கள் இருவரும் பின்னால். அவள் காதோரம் சாயம் கழுவப்படாமல் இருந்தது. நடந்ததைச் சொன்னேன். பாயம்மாவின் கதையைச் சொல்லவில்லை. அது அவர்களுடையது. நான் சொன்னதை மட்டும் சொன்னேன். "நீயா சொன்ன?" என்றாள். பெரம்பலூர் நெருங்கும்போது, "நீயா சொன்ன?" என்று மறுபடி ஒருமுறை கேட்டாள். வீட்டைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. எங்கள் தெருமுனையில் நான் வழக்கம்போலப் பிந்தினேன். அவள் முன்னால் போகாமல் எனக்காக நின்றாள்.

மறுநாள் யாரும் காலி செய்யச் சொல்லவில்லை. அதற்கு மறுநாளும் சொல்லவில்லை. நான் தினமும் எதிர்பார்த்தேன். வேறு நல்ல குடித்தனம் கிடைக்கும் வரை காத்திருக்கிறார்களோ, பாயிடம் சொல்ல நேரம் பார்க்கிறார்களோ என்று பழையபடி ஓட ஆரம்பித்தது மனம். பாயம்மா மொட்டை மாடிக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். அதுவும் எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. எங்கள் வாசலைத் தாண்டுவதே அருவருப்பாக இருக்கிறதோ என்று நினைத்தேன். தையல் பிரித்த புடவையைத் தேய்த்து மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தபோது வாங்கி உள்ளே வைத்துவிட்டு, காற்றே இல்லை இந்த வருசம் என்று மட்டும் சொன்னார்கள்.

இப்போது துணி உலர்த்த மருமகள்தான் வருகிறாள். அவளுக்கு எதுவும் தெரியாது. அதனால் காலையில் கட்டிலை நான் இன்னமும் கலைத்துத்தான் வைக்கிறேன். அகலக் கட்டிலில் அவள் படுத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள். முழங்கையை ஊன்றும்போது கீழே இருக்கும் அறையை நினைத்துக்கொள்கிறேன்.

ஒரு நாள் தூங்கிப்போய்விட்டோம். வெயில் வந்துவிட்டது. அகலக் கட்டிலில் இருவரும் அப்படியே கிடந்தோம். மற்றக் கட்டில் மடிப்புக் கலையாமல் இருந்தது. சன்னல் திறந்திருந்தது. அப்போது படிக்கட்டின் அடியிலிருந்து பாயம்மாவின் குரல் கேட்டது. ஒருநாளும் குரல் கொடுத்து அறியாதவர்கள், தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்கள்.

"ஏம்மா, மருமவ துணி காயப்போட மேல வர்றா."

நான் துள்ளி எழுந்து முழங்கையை ஊன்றினேன். அன்றிலிருந்து அந்தக் குரல் தினமும் வருகிறது. நாங்கள் எழுந்திருந்தாலும் வருகிறது. எச்சரிக்கையா, இரக்கமா, எல்லாம் தெரியும் என்று நினைவூட்டுவதா என்று அந்தக் குரலை நான் ஒவ்வொரு நாளும் காது கொடுத்துக் கேட்கிறேன். இன்னும் பிடிபடவில்லை. குரல் வந்ததும் "சரிங்க பாயம்மா" என்று மேலிருந்து பதில் மட்டும் சொல்லிவிடுகிறேன்.